திருச்சிராப்பள்ளியில் தொழில்திறன் பற்றாக்குறையும் மாநகராட்சியின் பங்கும்

தொழில்திறன் பற்றாக்குறை என்பது, ஒரு வட்டாரத்தில் தொழில் நடத்துவோர் தேடும் தேர்ச்சி பெற்ற ஆட்கள் போதிய எண்ணிக்கையில் கிடைக்காத நிலையைக் குறிக்கும். வேலையின்மை என்பது, வேலை செய்ய விருப்பமும் உடல்நலமும் உள்ளவர்களுக்கு வேலை கிடைக்காத நிலையாகும். ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு பக்கமும் வேலை கிடைக்கவில்லை என்று மறுபக்கமும் பேச்சு எழுவது முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால் இவ்விரண்டும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் நிலவக்கூடியவை. தமிழ்நாட்டின் நடுவே அமைந்துள்ள திருச்சிராப்பள்ளி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இந்தச் சிக்கலில் உள்ளாட்சி அமைப்பான மாநகராட்சிக்குச் சட்டம் கொடுத்துள்ள இடம் எது, அது செய்துவரும் பணிகள் யாவை, இன்னும் எதைச் செய்யக்கூடும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நகரமும் அதன் தொழில்களும்

திருச்சிராப்பள்ளி 1866ஆம் ஆண்டில் நகராட்சியானது. 1994 ஜூன் 1 அன்று திருவரங்கம், பொன்மலை நகராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. தற்போது 65 வார்டுகள் உள்ளன.

இந்நகரம் கோயில் நகரமாக அறியப்பட்ட அளவுக்குத் தொழிற்பயிற்சி நகரமாகவும் வளர்ந்தது. தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றப்பட்டு 1928 முதல் இங்கு இயங்குகிறது. இங்குத் தொழில் பழகுநராகச் சேர்ந்து ஃபிட்டராகவும் டர்னராகவும் வெல்டராகவும் ஆனவர்கள் பல தலைமுறையினர். 1952இல் அரியமங்கலத்தில் சேஷசாயி தொழில்நுட்பப் பயிலகம் தொடங்கப்பட்டது. 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரி வந்தது. அதுவே இன்றைய தேசியத் தொழில்நுட்பக் கழகம். 1965இல் திருவெறும்பூர் அருகே பாரத மிகுமின் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு படைக்கலன் தொழிற்சாலை வந்தது. 1975இல் பாரத மிகுமின் நிறுவன வளாகத்திலேயே பற்றவைப்பு ஆய்வு நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. கொதிகலன் ஆலைக்கு உதிரிப் பாகங்கள் செய்து தரும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் துவாக்குடி, அரியமங்கலம் பகுதிகளில் உருவாயின.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேற்கண்ட நிறுவனங்களில் எதுவும் நகராட்சியாலோ மாநகராட்சியாலோ தொடங்கப்பட்டதன்று. சில ஒன்றிய அரசைச் சேர்ந்தவை. சில தனியார் அறக்கட்டளைகளைச் சேர்ந்தவை. ஊர் முழுவதும் தொழில் கற்றது; ஊரின் மன்றம் அதில் பங்கேற்கவில்லை. இதற்குக் காரணம் பெரும்பாலும் சட்டத்தின் அமைப்பே என்பதைப் பின்னர் காண்போம்.

பற்றாக்குறையின் மூன்று வடிவங்கள்

1. தர இடைவெளி: திருச்சியில் வெல்டர் பற்றாக்குறை என்று பட்டறை நடத்துவோர் கூறும்போது, வெல்டிங் தெரிந்தவரே இல்லை என்பது அதன் பொருளன்று. தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர் சேரலாம். அதை முடித்தவர் சன்னல் கம்பி, கதவு, கூரைச் சட்டம் போன்றவற்றைச் செய்ய இயலும். உயர் அழுத்தக் கொதிகலனின் குழாய்களைப் பற்றவைப்பது வேறு தரத்து வேலை. அதற்கு இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகள், 1950இன்படி தனித் தேர்வில் வெற்றி பெற வேண்டும். குழாயை 45 பாகைச் சாய்வில் அசையாமல் பொருத்தி, பற்றவைப்பவர் தாமே அதைச் சுற்றி வந்து நிற்கும் நிலையையும் கையின் கோணத்தையும் மாற்றி மாற்றி வேலையை முடிக்க வேண்டும். பின்னர் அந்தப் பற்றவைப்பு ஊடுகதிர்ப் படம் எடுத்துச் சோதிக்கப்படும். உள்ளே ஒரு சிறு காற்றுக் குமிழி இருந்தாலும் தேர்வாகாமல் போகலாம். சான்றிதழுக்கும் இந்தக் கைத்தேர்ச்சிக்கும் இடையே உள்ள தொலைவே இங்குப் பற்றாக்குறை எனப்படுகிறது. இத்தேர்ச்சி பெற்றவர்களுக்கு வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் தேவை இருப்பதால் அவர்களில் பலர் உள்ளூரில் நிலைப்பதில்லை.

2. தேவை மாறிப்போன திறன்: திருச்சியிலும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலும் செயற்கைக் கற்களைப் பட்டை தீட்டுவது நெடுங்காலமாகக் குடிசைத் தொழிலாக நடைபெற்றது. வீட்டுத் திண்ணையில் சாணைச் சக்கரத்தை வைத்துக் கொண்டு, கண்ணளவிலேயே முகப்புகளைத் தீட்டும் கைத்திறன் அது. இயந்திரத்தில் தீட்டப்பட்டு வெளிநாடுகளிலிருந்து வரும் மலிவான கற்களோடு போட்டியிட முடியாமல் இத்தொழில் நலிந்தது. இங்குத் திறன் இருந்தது. அதை வாங்குவோர் குறைந்தனர். அனல்மின் நிலையங்களுக்கான புதிய கொதிகலன் ஆணைகள் குறைந்த ஆண்டுகளில் துவாக்குடிப் பட்டறைகளுக்கும் இதே நிலை ஏற்பட்டது. ஒரே பெரிய நிறுவனத்தை நம்பி வளர்ந்த பட்டறைகள் பல மூடப்பட்டன. அல்லது ஆட்களைக் குறைத்துக் கொண்டன.

3. தகவல் இடைவெளி: எந்தப் பட்டறையில் எந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்பது அடுத்த தெரு இளைஞருக்கே தெரியாமல் போவது மூன்றாம் வடிவம். சிறு பட்டறைகள் விளம்பரம் செய்வதில்லை. தெரிந்தவர் மூலமே ஆள் எடுக்கின்றன. தெரிந்தவர் இல்லாத குடும்பத்துப் பிள்ளை வெளியூர் செல்கிறார். சந்திப்பு இரயில் நிலையத்துக்கும் காஜாமலைக்கும் அருகில் உள்ள மன்னார்புரம் இதைக் கண்கூடாகக் காட்டும் இடமாகும். தீபாவளி, பொங்கல் நாள்களில் கூட்ட நெரிசலைச் சமாளிக்க இங்குப் பல ஆண்டுகள் தற்காலிகப் பேருந்து நிலையம் அமைக்கப்பட்டு வந்தது. அந்நாள்களில் அங்கு இறங்கி ஏறியவர்களில் கணிசமானோர் சென்னை, கோவை, திருப்பூர் போன்ற ஊர்களில் வேலை பார்ப்பவர்கள்.

இம்மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்கு நீண்ட, ஆழமான பயிற்சி வேண்டும். இரண்டாவதற்கு மாற்றுத் தொழிலும் புதிய சந்தையும் வேண்டும். மூன்றாவதற்குத் தெருத் தெருவாக நிலைமை அறிந்த ஓர் அமைப்பு வேண்டும். மூன்றாவது வேலைக்கு மாநகராட்சியைவிடப் பொருத்தமான அமைப்பு வேறில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்பின் 73ஆம், 74ஆம் திருத்தங்கள் 1992இல் நிறைவேற்றப்பட்டு 1993இல் நடைமுறைக்கு வந்தன. ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கக்கூடிய 29 பொருள்கள் பதினோராம் அட்டவணையிலும், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கக்கூடிய 18 பொருள்கள் பன்னிரண்டாம் அட்டவணையிலும் இடம்பெற்றுள்ளன.

பதினோராம் அட்டவணையின் 18ஆம் பொருள் தொழில்நுட்பப் பயிற்சியும் தொழிற்கல்வியும் ஆகும். 8ஆம் பொருள் சிறுதொழில்கள். நகரங்களுக்கான பன்னிரண்டாம் அட்டவணையில் இவ்விரண்டும் இல்லை. அதற்கு மாறாகப் பொருளாதார, சமூக வளர்ச்சிக்குத் திட்டமிடுதல், நலிந்த பிரிவினரின் நலன் காத்தல், நகர்ப்புற வறுமை ஒழிப்பு, பண்பாடு மற்றும் கல்வி மேம்பாடு போன்ற பொதுவான தலைப்புகளே உள்ளன. ஆகவே ஒரு மாநகராட்சி வேலைவாய்ப்புப் பணியில் இறங்கும்போது பெரும்பாலும் வறுமை ஒழிப்பு என்ற வாயில் வழியாகவே நுழைகிறது. ஏழைக் குடும்பத்தாருக்கு ஏதேனும் ஒரு வருமானம் என்பது முதல் நோக்கமாகிறது. ஊரின் தொழில்களுக்குத் தேவையான திறன் எது என்பது இரண்டாம் இடத்துக்குச் செல்கிறது.

வருவாயையும் நோக்க வேண்டும். தமிழ்நாட்டில் தொழில் வரியை வசூலிப்பவை உள்ளாட்சி அமைப்புகள். சம்பளம் பெறுவோரும் தொழில் செய்வோரும் அரையாண்டுக்கு ஒருமுறை இதைச் செலுத்துகின்றனர். அரசியலமைப்பின் 276ஆம் பிரிவுப்படி ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வசூலிக்க இயலாது. சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்பட்டுப் பொது நூலகத் துறைக்குச் செல்கிறது. நூலகத்துக்கென ஒரு வரி இருப்பதுபோல் தொழிற்பயிற்சிக்கென உள்ளாட்சியில் தனி வரியோ நிதியோ இல்லை. ஊரில் வேலை பெருகினால் தொழில் வரி பெருகும் என்பதால், வேலைவாய்ப்பு மாநகராட்சியின் கருவூலத்தோடும் தொடர்புடையதே.

மாநகராட்சி வழியாக நடைபெறும் பணிகள்

நகர்ப்புற வாழ்வாதார இயக்கம்: 1997இல் தொடங்கிய பொன்விழா நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தின் இடத்தில் 2013இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வந்தது. இத்திட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களை அமைத்தல், திறன் பயிற்சி அளித்து வேலையில் அமர்த்துதல், சுயதொழிலுக்கு வங்கிக் கடன் பெற்றுத் தருதல், வீடற்றோருக்குத் தங்குமிடம், தெரு வணிகர்களுக்கு ஆதரவு ஆகிய பகுதிகள் அமைந்தன. தனிநபர் தொழிலுக்கு 2 லட்சம் ரூபாய் வரையிலும் குழுத் தொழிலுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும் கடன் பெற முடிந்தது. 7 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வட்டியை அரசு ஏற்கும் என்பது விதியாக இருந்தது. பயனாளிகளை அடையாளம் கண்டு பரிந்துரைப்பது உள்ளாட்சியின் பொறுப்பாக இருந்தது. வார்டுகளில் குழுக்களைச் சந்தித்த சமுதாய அமைப்பாளர்களே இதன் உயிர்நாடியாக இருந்தனர்.

சமுதாயக் கழிப்பிடங்களும் மகளிர் குழுக்களும்: திருச்சிக்கே உரிய ஒரு முன்மாதிரி இது. 1987இல் திருச்சியில் தொடங்கப்பட்ட கிராமாலயா என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையோடு, மாநகராட்சி கட்டிய சமுதாயக் கழிப்பிடங்களின் பராமரிப்பு அந்தந்தக் குடியிருப்பின் மகளிர் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கட்டணம் வாங்குதல், கணக்கு எழுதுதல், துப்புரவாளருக்குச் சம்பளம் கொடுத்தல், மோட்டார் பழுதைச் சரிசெய்ய ஆள் அழைத்தல், மிச்சப் பணத்தைத் தெருவின் பொதுத் தேவைக்குச் செலவிடுதல் ஆகிய எல்லாவற்றையும் பெண்களே கவனித்தனர். கல்மந்தைக் குடிசைப்பகுதி 2002இல் திறந்தவெளியில் மலம் கழித்தல் இல்லாத பகுதியாக அறிவிக்கப்பட்டது. இது நலவாழ்வுத் திட்டமாகவே பேசப்படுகிறது. ஆனால் எழுதப் படிக்கக் கூச்சப்பட்ட பெண்கள் ஒரு சிறு நிறுவனத்தை நடத்தக் கற்றுக் கொண்டதும் இதில் அடங்கும். வகுப்பறையில் நடத்தப்படும் பல பயிற்சிகளால் இதைத் தர இயலவில்லை.

தெரு வணிகர்கள்: தெரு வணிகர் சட்டம், 2014இன்படி ஒவ்வொரு நகரிலும் விற்பனைக் குழு அமைக்கப்பட வேண்டும். அதன் உறுப்பினர்களில் குறைந்தது 40 விழுக்காட்டினர் தெரு வணிகர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். வணிகர்களைக் கணக்கெடுப்பதும் அடையாள அட்டை வழங்குவதும் உள்ளாட்சியின் வேலை. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் அறிவிக்கப்பட்ட 10,000 ரூபாய்க் கடன் திட்டத்துக்கும் இந்தக் கணக்கெடுப்பே அடிப்படையானது. கணக்கெடுப்பில் பெயர் விடுபட்டவர் கடனுக்கும் அலைய நேர்ந்தது.

நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம்: ஊரக வேலை உறுதித் திட்டம் நகரங்களுக்குப் பொருந்தாது. அக்குறையை நீக்கத் தமிழ்நாடு அரசு 100 கோடி ரூபாயில் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தை 2021இல் அறிவித்து, தேர்ந்தெடுத்த நகரங்களில் சோதனை முறையில் நடைமுறைப்படுத்தியது. மழைநீர் வடிகால் தூர்வாருதல், மரக்கன்று நடுதல், பூங்கா பராமரிப்பு முதலியன இதில் அடங்கும். இது கூலி தரும் திட்டம். திறன் வளர்ப்பது இதன் முதன்மை நோக்கமன்று.

கட்டமைப்பு: பஞ்சப்பூரில் மாநகராட்சி கட்டிய ஒருங்கிணைந்த பேருந்து முனையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டது. அதே பகுதியில் டைடல் பூங்காவுக்கும் அடிக்கல் நாட்டப்பட்டுள்ளது. இத்தகைய கட்டமைப்புகள் கடை, போக்குவரத்து, பராமரிப்பு, பாதுகாப்பு எனப் பல வேலைகளை உருவாக்கும். அதே வேளையில் பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பிழைத்தவர்களின் வருமானம் இடம்பெயர்வதும் இயல்பு. வேலையைக் கூட்டும் திட்டம் யாருடைய வேலையைக் குறைக்கிறது என்பதையும் கணக்கிடுவது உள்ளாட்சியின் கடமை.

மாநில அரசின் திட்டங்களோடு தொடர்பு

தொழிற்பயிற்சியின் பெரும்பகுதி மாநில அரசின் கையில் உள்ளது. திருவெறும்பூரில் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் இயங்குகிறது. 2022இல் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, மாநிலத்தின் 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களைச் சுமார் 2,877 கோடி ரூபாயில் நவீனப்படுத்தும் பணி மேற்கொள்ளப்பட்டது. கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரங்கள், ரோபோ, மின்வாகனம் தொடர்பான பிரிவுகள் சேர்க்கப்பட்டன. ஆண்டுக்கு 10 லட்சம் இளைஞர்களுக்குத் திறன் வளர்க்கும் இலக்குடன் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டமும் தொழிற்பயிற்சி நிலையங்களில் சேர்வோருக்கும் பொருந்தும்.

மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் மற்றோர் உறுப்பு. இங்குப் பதிவு செய்தால் வேலை வீடு தேடி வரும் என்ற எண்ணம் இன்றும் பல குடும்பங்களில் உள்ளது. பதிவு என்பது வரிசையில் இடம் பிடிப்பது மட்டுமே; மூன்றாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களும் போட்டித் தேர்வுக்கான இலவசப் பயிற்சி வகுப்புகளும் இம்மையத்தின் பயன்மிக்க பணிகள். ஆனால் பதிவு செய்தவர்களில் பலர் அவற்றைப் பயன்படுத்துவதில்லை.

குறைபாடுகள்

முதலாவது, பயிற்சியின் காலம். சில வாரங்களிலோ மாதங்களிலோ முடியும் பயிற்சிகளால் தையல், அழகுக்கலை, கணினித் தட்டச்சு போன்றவற்றில் தொடக்க அறிவு கிடைக்கும். முன்னே சொன்ன தர இடைவெளியை அவை நிரப்பா. ஒரே தெருவில் பத்துப் பேருக்குத் தையல் பயிற்சி அளித்தால் பத்துப் பேருக்கும் வாடிக்கையாளர் கிடைப்பது அரிது.

இரண்டாவது, பழகுநர் சட்டத்தின் வரம்பு. 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின் இன்றைய விதிகளின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநர்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அதற்குக் குறைந்தால் விருப்பம் மட்டுமே. திருச்சியின் பட்டறைகளில் மிகப் பல இந்த வரம்புக்குக் கீழே உள்ளவை. கைத்தொழிலைக் கற்றுத்தர மிகப் பொருத்தமான இடங்கள் சட்டத்தின் கட்டாயத்துக்கு வெளியே நிற்கின்றன. உதவித்தொகையில் ஒரு பங்கை ஒன்றிய அரசு ஏற்கும் திட்டம் 2016 முதல் உள்ளது. எனினும் இணையத்தில் பதிவு செய்து கணக்குக் காட்டும் வேலைக்கு அஞ்சிச் சிறு பட்டறைகள் ஒதுங்குகின்றன.

மூன்றாவது, தொலைவு. பயிற்சி நிலையங்கள் நகரின் கிழக்கு விளிம்பில் குவிந்துள்ளன. மேற்கிலும் வடக்கிலும் வாழும் பெண்களுக்கு இரு பேருந்து மாறிச் செல்ல நேரும்போது படிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

வேறொரு நகரத்தின் பாதை

உள்ளாட்சி நினைத்தால் தொழிற்கல்வியில் எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதற்கு ஜெர்மனியின் மியூனிக் நகரம் சான்று. ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் படிக்கும் கல்வியாளர்களில் ஒருவரான கியார்க் கெர்ஷென்ஸ்டைனர், 1895 முதல் 1919 வரை அந்நகரத்தின் பள்ளிக் கல்வித் தலைவராக இருந்தவர். பள்ளியை விட்டு வேலைக்குச் சென்ற சிறுவர்களுக்காக நடந்த பொதுவான தொடர்கல்விப் பள்ளிகளை அவர் தொழில்வாரியாகப் பிரித்தமைத்தார். தச்சருக்கு ஒரு பிரிவு, ரொட்டி சுடுவோருக்கு ஒரு பிரிவு என அமைத்து, பள்ளிக்குள்ளேயே பட்டறைகளை வைத்தார். தொழில் நடத்துவோரையும் பாடத்திட்டத்தில் சேர்த்துக் கொண்டார். வாரத்தில் சில நாள் பட்டறை, சில நாள் பள்ளி என்ற ஜெர்மானிய இரட்டைமுறைக்கு இதுவும் ஒரு வேர். இன்றும் அந்நாட்டில் தொழிற்பள்ளிகளின் கட்டடத்தையும் கருவிகளையும் பெரும்பாலும் நகரங்களும் மாவட்டங்களுமே பேணுகின்றன; ஆசிரியர் ஊதியம் பொதுவாக மாநிலத்தின் பொறுப்பு.

தமிழ்நாட்டின் சட்டநிலையில் இதை அப்படியே செய்ய இயலாது. ஆயினும் இடமும் கருவியும் ஊர் தரும், ஆசிரியரை மாநிலம் தரும், பாடம் எதுவென்று தொழில் நடத்துவோர் சொல்வர் என்ற பொறுப்புப் பகிர்வு இங்கும் பொருந்தக்கூடியது.

மாநகராட்சியால் இயலக்கூடியவை

2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெறத் தொடங்கின. குடிநீர், சாலை, தெருவிளக்கு ஆகியவையே அங்குப் பெரும்பாலும் எழுப்பப்படுகின்றன. அதே கூட்டத்தில் வார்டில் உள்ள பட்டறைகள், அவற்றுக்கு வேண்டிய ஆட்கள், படித்து வேலையின்றி இருப்போர் ஆகிய விவரங்களையும் திரட்டலாம். இதற்குப் புதிய சட்டமோ பெருஞ்செலவோ தேவையில்லை. தகவல் இடைவெளியைக் குறைக்க இது நேரடி வழி.

மாநகராட்சியே ஒரு பெரிய வேலைத்தளம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நீரேற்று நிலையங்கள், தெருவிளக்குகள், கழிவுநீர்க் குழாய்கள், வாகனப் பணிமனை ஆகியவற்றில் ஃபிட்டர், எலக்ட்ரீசியன், மெக்கானிக் வேலைகள் நாள்தோறும் நடைபெறுகின்றன. போக்குவரத்துக் கழகங்களும் மின்வாரியமும் பழகுநர்களைச் சேர்ப்பதுபோல் இங்கும் ஆண்டுதோறும் ஒரு தொகுதியினரைச் சேர்த்துப் பழக்கினால், பட்டறைகள் கேட்கும் முன் அனுபவம் அவர்களுக்குக் கிடைக்கும். ஒப்பந்தப் பணிகளிலும் உள்ளூர்ப் பழகுநர்களைச் சேர்க்க நிபந்தனை விதிக்கலாம். மாலை வேளையில் பூட்டிக் கிடக்கும் மாநகராட்சிப் பள்ளிக் கட்டடங்களில் பயிற்சி வகுப்புகள் நடத்தினால் பெண்களுக்குத் தொலைவுச் சிக்கல் குறையும்.

இவை நிறைவேறுவதற்கு முன்பே மாணவர்கள் தாமாகச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒரு பயிற்சியில் சேரும் முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: இதன் சான்றிதழை எந்த நிறுவனம் ஏற்கிறது? பயிற்சியில் எத்தனை மணி நேரம் கருவியைக் கையில் பிடித்து வேலை செய்வேன்? சென்ற ஆண்டு இதை முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பெயரும் இடமும் சொல்லி விடை தரும் நிலையத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது.